தொலைவு இலக்கும் .22 தோட்டாவும்

ஐம்பது மீட்டர் துப்பாக்கி சுடும் போட்டிகளில் வைக்கப்படும் இலக்கின் நடுவட்டம் 10.4 மில்லிமீட்டர் விட்டமுடையது. சட்டைப் பொத்தான் ஒன்றின் அளவே இருக்கும். அதை நோக்கிச் செலுத்தப்படும் ஈயக் குண்டின் விட்டம் ஏறத்தாழ 5.6 மில்லிமீட்டர். நடுவட்டத்தின் கோட்டைக் குண்டு தொட்டாலே பத்து மதிப்பெண் உண்டாதலால், குண்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 8 மில்லிமீட்டருக்குள் விழுந்தால் போதுமானது. போதுமானது என்று சொல்லிவிடலாமேயன்றி, அறுபது முறை தொடர்ந்து அவ்வாறு சுடுவது உலகில் மிகச் சிலருக்கே கைவந்த வித்தை. 2010ஆம் ஆண்டில் மூனிச் நகரில் நடைபெற்ற உலகச் சாம்பியன் போட்டியில் கோலாப்பூரைச் சேர்ந்த தேஜஸ்வினி சாவந்த், படுத்த நிலையில் 60 குண்டுகள் சுட்டு 600க்கு 597 மதிப்பெண் பெற்றுத் தங்கப் பதக்கம் வென்றார். அதே மாவட்டத்தைச் சேர்ந்த ஸ்வப்னில் குசாலே 2024 ஆகஸ்டு 1ஆம் தேதி பாரிஸ் ஒலிம்பிக்கில் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலப் பதக்கம் பெற்றார். இருவரும் கையாண்டது .22 துப்பாக்கியே.

இத்தகைய வெற்றிகளுக்கு முதற் காரணம் பயிற்சியும் மன உறுதியும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், கை நடுங்காமல், குறி பிசகாமல், விசையை மென்மையாக இழுத்த பின்னரும் குண்டு வேறிடத்தில் சென்று விழுவது உண்டு. அவ்வாறு விழும்போது பயிற்சி பெறும் இளைஞர் தம்மையே குறை கூறிக்கொள்கிறார். நிற்கும் நிலையை மாற்றுகிறார். நன்றாயிருந்த பழக்கத்தையும் கெடுத்துக்கொள்கிறார். குற்றம் அவருடையதா, தோட்டாவினுடையதா என்று பிரித்தறிய வழி தெரியாமையே இதற்குக் காரணம். சுடும் தூரம் கூடக்கூட இக்குழப்பமும் மிகுதியாகிறது. பிரிட்டனில் .22 துப்பாக்கியால் 100 கெஜ தூரத்தில் சுடும் பந்தயங்கள் நெடுங்காலமாக நடைபெற்று வருகின்றன. பிரிட்டிஷ் அணியும் அமெரிக்க அணியும் போட்டியிடும் டூவர் கோப்பைப் பந்தயத்தில் பாதிக் குண்டுகள் 50 கெஜத்திலும், மறுபாதி 100 கெஜத்திலும் சுடப்படுகின்றன. அண்மைக் காலத்தில் 200 கெஜத்திலும் அதற்கப்பாலும் இச்சிறு துப்பாக்கியைச் சோதித்துப் பார்க்கும் பந்தயங்கள் மேனாடுகளில் பெருகியுள்ளன. இவ்வளவு தொலைவுக்கு எந்தத் தோட்டா ஏற்றது என்ற வினாவுக்குச் சாதாரணமாகக் கிடைக்கும் விடைகள் இரண்டு. வேகம் மிகுந்தது நல்லது என்பது ஒன்று. விலை மிகுந்தது நல்லது என்பது மற்றொன்று. முதல் விடை முற்றிலும் தவறு. இரண்டாவது பாதியளவே சரி.

தோட்டாவின் அமைப்பு

இன்று உலகெங்கும் வழங்கும் .22 லாங் ரைபிள் தோட்டா, 1887ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் துப்பாக்கி நிறுவனத்தாரால் உருவாக்கப்பட்டது. பெரிய துப்பாக்கிகளின் தோட்டாவில் அடிப்புறத்தின் நடுவே தனிக் கேப்பு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். .22 தோட்டாவில் அஃது இல்லை. மெல்லிய பித்தளைக் குப்பியின் அடியில் உள்ளீடற்ற விளிம்பு ஒன்று உண்டு. எளிதில் தீப்பற்றும் ரசாயனக் கலவை ஈரமாக இருக்கும்போதே குப்பியைச் சுழற்றி, அக்கலவையை அவ்விளிம்பினுள் பரவச் செய்து உலர்த்துகிறார்கள். துப்பாக்கியின் ஊசி விளிம்பை நசுக்கியதும் கலவை வெடித்து, குப்பியிலுள்ள மருந்தைப் பற்றவைக்கிறது. விளிம்பில் அடிபட்டு வெடிப்பதால் இதை விளிம்புத் தோட்டா எனலாம்.

இம்முறை மலிவானது, ஆனால், இதனால் விளையும் சங்கடங்கள் இரண்டு. கலவை விளிம்பைச் சுற்றி எங்கும் ஒரே சீராகப் பரவவேண்டும். ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருந்தால் மருந்து பற்றும் விதம் தோட்டாவுக்குத் தோட்டா வேறுபடும். உள்ளே இருக்கும் மருந்தோ ஒரு கிரெயின் முதல் இரண்டு கிரெயின் வரை, அதாவது 65 முதல் 130 மில்லிகிராம் வரையிலான எடையுடையது. இத்துணைச் சிறிய அளவில் சில மணிகள் கூடினாலும் குறைந்தாலும் குண்டின் வேகத்தில் தெரியும். இரண்டாவது சங்கடம் இதனினும் பெரிது. நடுக்கேப்புத் தோட்டாவைக் கையாளும் வல்லுநர், வெடித்த குப்பியில் புதிய கேப்பு வைத்து, மருந்தைத் தாமே நிறுத்துப் போட்டு, தம் துப்பாக்கிக்கு இசைந்த தோட்டாவைத் தாமே செய்துகொள்ள இயலும். விளிம்புத் தோட்டாவைப் பயன்படுத்துவோருக்கு அவ்வழி இல்லை. விளிம்பு ஒருமுறை நசுங்கிவிட்டால் குப்பி பயனற்றது. தொழிற்சாலை எதைத் தருகிறதோ அதை ஏற்றே ஆகவேண்டும். எனவேதான் தேர்ந்தெடுத்தல் என்பது இத்துறையில் இவ்வளவு முக்கியத்துவம் பெறுகிறது.

வேகமும் காற்றும்

போட்டித் தோட்டாவின் குண்டு 40 கிரெயின், அதாவது 2.6 கிராம் எடையுள்ள ஈயம். குழல்வாயை விட்டு வெளிப்படுகையில் அதன் வேகம் செகண்டுக்குச் சுமார் 327 மீட்டர். அதிவேகத் தோட்டாக்கள் என விற்கப்படுபவற்றில் அதே எடையுள்ள குண்டு 380 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. தொலைவில் உள்ள இலக்குக்கு விரைந்து செல்லும் குண்டே உகந்தது என்று தோன்றுவது இயல்பு. விரைந்து சென்றால் காற்று அதைத் தள்ளுவதற்கு அவகாசம் குறைவு அல்லவா? ஆனால், இயற்கை அவ்வாறு நடந்துகொள்வதில்லை.

பக்கக் காற்றினால் குண்டு எவ்வளவு விலகும் என்பது, அது பறந்த நேரத்தைப் பொறுத்ததன்று. காற்றே இல்லாத வெற்றிடத்தில் பறந்திருந்தால் எவ்வளவு நேரம் ஆகியிருக்குமோ, அதற்கு மேல் எவ்வளவு நேரம் தாமதித்தது என்பதைப் பொறுத்தது. அந்தத் தாமதத்தைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் விலகல் கிடைக்கும். பீரங்கிக் கணிதத்தில் நெடுநாளாக வழங்கிவரும் விதி இது. 100 மீட்டர் தொலைவுக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். 327 மீட்டர் வேகமுள்ள குண்டு இலக்கை அடைய ஏறத்தாழ 0.33 செகண்டு ஆகிறது, வெற்றிடத்தில் 0.306 செகண்டு ஆகியிருக்கும். தாமதம் 0.024 செகண்டு. 380 மீட்டர் வேகமுள்ள குண்டோ 0.30 செகண்டுக்குள் சென்றுவிடுகிறது. ஆனால், வெற்றிடத்தில் 0.263 செகண்டே போதுமாதலால் அதன் தாமதம் 0.034 செகண்டு ஆகிறது. செகண்டுக்கு 4 மீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் வீசும் காற்று முதற் குண்டைச் சுமார் 10 சென்டிமீட்டரும், இரண்டாவதை 13 சென்டிமீட்டருக்கு மேலும் விலக்கிவிடும். முன்னதாகச் சென்றடையும் குண்டே அதிகமாகத் தள்ளப்படுகிறது என்பது விந்தையாகத் தோன்றினும் உண்மை.

காரணம் ஒலியின் வேகத்தில் இருக்கிறது. 20 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் ஒலி செகண்டுக்கு 343 மீட்டர் செல்லும். ஒரு பொருளின் வேகம் ஒலியின் வேகத்தை நெருங்கி அதை மிஞ்சும் கட்டத்தில் காற்றின் தடை திடீரெனப் பன்மடங்காகிறது. அதிவேகக் குண்டு அத்தடைக்குள்ளேயே பிறந்து, தான் பெற்ற வேகத்தை முதல் சில பத்து மீட்டரிலேயே பெரும்பாலும் இழந்துவிடுகிறது. போட்டித் தோட்டாவோ அவ்வெல்லைக்குக் கீழேயே புறப்படுகிறது. ஒலியின் வேகத்தைக் கடக்கும்போது குண்டு தள்ளாடும் என்பது சுடுவோரிடையே பரவியுள்ள கருத்து. அஃது எல்லாக் குண்டுகளுக்கும் ஒரே அளவில் பொருந்துவதாகச் சொல்ல இயலாது. காற்றுத் தடையின் கணக்கு மட்டும் எல்லாவற்றுக்கும் பொருந்தும். அதிவேகத் தோட்டா சிறு பிராணிகளை வேட்டையாடுவதற்கென ஏற்பட்டது. அவற்றுள் சிலவற்றின் குப்பி வழக்கமான அளவினும் நீண்டிருக்கும். நெருக்கமாகக் கடையப்பட்ட போட்டித் துப்பாக்கியின் அறையில் அவற்றைப் புகுத்துவது அபாயமுமாகும்.

இந்தியாவின் தட்பவெப்பத்தில் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஒலியின் வேகம் வெப்பத்தோடு கூடிக் குறைகிறது. தில்லியில் ஜனவரி மாதக் காலையில் 5 டிகிரி வெப்பத்தில் அது 334 மீட்டராக இருக்கும். மே மாதத்தில் 40 டிகிரியில் 355 மீட்டருக்கு உயரும். ஒரே பெட்டியிலிருந்து எடுத்த தோட்டா, குளிர்காலத்தில் ஒலியின் வேகத்தை ஒட்டியும், கோடையில் அதற்கு வெகுவாகக் கீழும் பறக்கிறது. குளிரில் காற்றும் அடர்த்தி மிகுந்தது. மருந்தும் சற்று மந்தமாகவே எரியும். கோடையில் தேர்ந்தெடுத்த தோட்டாவைக் குளிர்காலப் போட்டிக்கு அப்படியே நம்பிச் செல்லலாகாது.

தூரம் இரட்டித்தால் பிழை நான்கு மடங்கு

தொலைவில் சுடுவதற்கும் அண்மையில் சுடுவதற்கும் உள்ள அடிப்படை வேறுபாடு பலரால் உணரப்படாதது. குண்டின் பிழைகள் இரு வகை. தூரத்தோடு நேர் விகிதத்தில் வளர்வது ஒரு வகை. குண்டின் ஈயம் ஒருபுறம் கனத்திருந்தாலோ, முனை சற்று நசுங்கியிருந்தாலோ, அது குழல்வாயிலேயே சிறு கோணம் விலகிப் புறப்படும். .22 துப்பாக்கிக் குழலின் உட்புறத்தே வெட்டப்பட்ட புரிகள் வழக்கமாக 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று வீதம் அமைந்தவை. எனவே குண்டு செகண்டுக்கு 800 முறை சுழன்றுகொண்டே செல்கிறது. அவ்வளவு வேகத்தில் சுழலும் பொருளில் எடை ஓரமாக ஒதுங்கியிருந்தால் என்ன நேரும் என்பதை ஊகிக்கலாம். இத்தகைய பிழை 50 மீட்டரில் 5 மில்லிமீட்டர் எனில், 100 மீட்டரில் 10 மில்லிமீட்டர் ஆகும். இதை 50 மீட்டரிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

மற்ற வகை, தூரத்தின் வர்க்கத்தோடு வளர்வது. குழல்வாயை விட்ட கணத்திலிருந்து குண்டைப் புவியீர்ப்பு கீழே இழுக்கிறது. 327 மீட்டர் வேகமுள்ள குண்டு, குழலின் நேர்கோட்டிலிருந்து 50 மீட்டரில் சுமார் 12 சென்டிமீட்டரும், 100 மீட்டரில் அரை மீட்டருக்குச் சற்று மேலும், 200 மீட்டரில் ஏறத்தாழ 2.3 மீட்டரும் தாழ்ந்துவிடும். தாழ்வு எவ்வளவாயினும் கேடில்லை. குறிபார்க்கும் கருவியை உயர்த்திச் சரிசெய்துகொள்ளலாம். ஆனால், எல்லாக் குண்டுகளும் ஒரே அளவு தாழவேண்டும். ஒரு குண்டு செகண்டுக்கு 10 மீட்டர் மந்தமாகப் புறப்பட்டால், 50 மீட்டரில் அது 7 மில்லிமீட்டர் கீழே விழும். நடுவட்டம் தரும் சலுகைக்குள் இது மறைந்துபோகும், சுட்டவருக்கே தெரியாது. 100 மீட்டரில் 3 சென்டிமீட்டர் கீழே விழும். 200 மீட்டரில் அதே வேறுபாடு 12 சென்டிமீட்டருக்குக் குறையாது.

ஐம்பது மீட்டரில் குறை சொல்ல இயலாதபடி சுட்ட தோட்டா, இருநூறு மீட்டரில் மேலும் கீழுமாகச் சிதறுவதன் மர்மம் இதுவே. சுடுபவரின் கைப்பிழை எத்திசையிலும் நேரலாம். காற்றின் பிழை பக்கவாட்டில் நேரும். தொலைவு இலக்கில் துளைகள் செங்குத்தாக நீண்ட வரிசையாக அமைந்தால், குற்றம் பெரும்பாலும் தோட்டாவின் வேகத்தில்தான் உள்ளது. தம்மைக் குறை கூறிக்கொள்ளும் இளைஞர் இவ்வொன்றை அறிந்திருந்தாலே பாதிக் கவலை நீங்கும்.

ஆகவே தொலைவுக்குரிய தோட்டாவில் வேண்டப்படுவது வேகமன்று, வேகத்தின் ஒருமை. நல்ல போட்டித் தோட்டாக்களில் பத்துக் குண்டுகளைச் சுட்டு அளந்தால், மிக வேகமானதற்கும் மிக மந்தமானதற்கும் உள்ள வேறுபாடு செகண்டுக்கு 10 மீட்டர் அளவில் அமையும். மலிவான பயிற்சித் தோட்டாவில் இது 20 முதல் 30 மீட்டர் வரை செல்வது சாதாரணம். ராடார் முறையில் இயங்கும் சிறு வேகமானிகள் இப்போது மேசைமேல் வைத்து அளக்கும் அளவுக்கு எளிமையாகிவிட்டன; சுடும் சங்கம் ஒவ்வொன்றும் ஒன்றேனும் வைத்திருப்பது நன்று.

குழலின் விருப்பம்

வேகம் ஒருமையாக இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. ஒரே தோட்டா ஒரு துப்பாக்கியில் மிக நன்றாகவும், அதே தொழிற்சாலையில் அதே வாரத்தில் கடைந்த மற்றொரு துப்பாக்கியில் சுமாராகவும் சுடுவது அனுபவத்தில் கண்டது. குழலின் உள்விட்டத்திலும், அறையின் அளவிலும், புரி தொடங்கும் இடத்திலும் உள்ள நுண்ணிய வேறுபாடுகள் இதற்கு ஒரு காரணம். போட்டித் துப்பாக்கியின் அறையில் தோட்டா அமரும்போதே குண்டு புரிகளில் சற்றே பதியும்படி அமைத்திருப்பார்கள். குண்டின் தோள் எவ்விடத்தில் எவ்வளவு பதிகிறது என்பது தோட்டாவின் வார்ப்புக்கு ஏற்ப மாறும்.

மற்றொரு காரணம் குழலின் அதிர்வு. மருந்து வெடித்ததும் எஃகுக் குழல் வீணைத் தந்திபோல் அதிர்கிறது. குண்டு வெளிப்படும் கணத்தில் குழல்வாய் மேல்நோக்கி எழுந்துகொண்டிருந்தால், முன்னதாக வெளிப்படும் வேகமான குண்டு சற்றுத் தாழ்ந்த கோணத்திலும், பின்னர் வெளிப்படும் மந்தமான குண்டு சற்று உயர்ந்த கோணத்திலும் புறப்படும். மந்தமான குண்டு வழியில் அதிகம் தாழ்ந்துபோவதால், இரண்டும் ஏதேனும் ஒரு குறிப்பிட்ட தூரத்தில் ஒரே புள்ளியில் சேரும். இந்தியப் படைகள் பல்லாண்டுகள் கையாண்ட லீ என்பீல்டு துப்பாக்கி இதற்குப் பேர்போனது. அண்மை இலக்கில் சுமாராகச் சுட்ட துப்பாக்கிகள் 800 கெஜத்துக்கு அப்பால் ஆச்சரியப்படும்படி சுட்டன. .22 துப்பாக்கியிலும் இதே ஈடுகட்டும் தன்மை உண்டு. குழல்வாயில் நகர்த்தக்கூடிய எடை ஒன்றைப் பொருத்தி இதைச் சரிசெய்வோரும் உளர். ஆனால், அது 50 மீட்டருக்குப் பொருந்தினால் 100 மீட்டருக்கு அப்படியே பொருந்துவதில்லை. ஆதலின், எந்தத் தூரத்தில் சுடவேண்டுமோ அந்தத் தூரத்திலேயே தோட்டாவைச் சோதிக்கவேண்டும். இதற்கு மாற்று வழி கிடையாது.

தொகுதி எண்

தோட்டாக்கள் தொகுதி தொகுதியாக உற்பத்தியாகின்றன. ஒரு தொகுதிக்கு ஒரே மருந்து, ஒரே ஈயம், ஒரே யந்திர அமைப்பு. அடுத்த தொகுதியில் இவற்றுள் ஏதேனும் மாறியிருக்கலாம். பெட்டியின் மேலுள்ள பெயர் ஒன்றாகவே இருந்தாலும், துப்பாக்கியின் கண்ணுக்கு இரண்டும் இருவேறு தோட்டாக்கள். ஒரே யந்திரத்திலிருந்து வெளிவரும் தோட்டாக்களையே சோதனை முடிவைக் கொண்டு இரண்டு மூன்று தரங்களாகப் பிரித்து, வெவ்வேறு பெயரும் விலையும் இட்டு விற்கும் வழக்கமும் உண்டு. உயர்ந்த விலை என்பது தொழிற்சாலையின் சோதனைக் குழலில் அத்தொகுதி நன்றாகச் சுட்டது என்பதற்கு அத்தாட்சி. வாங்குபவரின் குழலிலும் அவ்வாறே சுடும் என்பதற்கு அத்தாட்சியன்று. நடுத்தர விலையுள்ள தொகுதி ஒன்று குறிப்பிட்ட ஒரு துப்பாக்கியில் முதல்தரத்தை வென்றுவிடுவது அரிதன்று.

இதனால்தான், பிரிட்டனில் பர்மிங்ஹாம் அருகேயுள்ள ஈலி நிறுவனமும், ஜெர்மனியின் ஷோனபெக் நகரில் தோட்டா உற்பத்தி செய்யும் லாப்புவா நிறுவனமும், போட்டியாளர்கள் தங்கள் துப்பாக்கியுடன் வந்து தொகுதிகளைச் சோதித்து வாங்கிச் செல்லும் சோதனைத் தளங்களை நடத்துகின்றன. துப்பாக்கியை அசையாத பிடிகருவியில் பொருத்தி, காற்று வீசாத மூடிய தளத்தில் தொகுதிக்குத் தொகுதி சுட்டு, துளைகளின் இடத்தை மின்னணு முறையில் பதிவு செய்கிறார்கள். ஈலி நிறுவனம் தன் போட்டித் தோட்டாப் பெட்டிகளில் தொகுதி எண்ணோடு அத்தொகுதியின் சராசரி வேகத்தையும் அச்சிடுகிறது. சிலர் அந்த வேக எண்ணைச் சோதிட எண்போல் நம்பி, குறிப்பிட்ட ஓர் எண் வரும்வரை தேடி அலைகின்றனர். சராசரி வேகம் தெரிவதால் ஒருமை தெரிந்துவிடாது.

வெளிநாடு செல்ல வாய்ப்பில்லாத ஒருவர் உள்ளூர்ச் சுடுதளத்திலேயே இச்சோதனையை நடத்திக்கொள்ளலாம். காற்று அடங்கிய காலை நேரம் ஏற்றது. உறுதியான மேசைமேல் மணல் மூட்டைகளை வைத்து, முன்னும் பின்னும் துப்பாக்கியைத் தாங்கச் செய்யவேண்டும். தொகுதி மாறும்போது முதற் பத்துப் பதினைந்து குண்டுகளைக் கணக்கில் கொள்ளலாகாது. ஏனெனில், குண்டின்மேல் பூசப்படும் மெழுகு தோட்டாவுக்குத் தோட்டா வேறு. தேன்மெழுகும் கொழுப்பும் கலந்தது ஒன்று, வேறு எண்ணெய்க் கலவை மற்றொன்று. பழைய மெழுகு நீங்கிப் புதியது குழலில் படியும் வரை துளைகள் அலையும்.

எத்தனை குண்டுகள் சுட்டால் தீர்ப்புக் கூறலாம்? இதில்தான் பெரும்பாலோர் ஏமாறுகின்றனர். ஐந்து குண்டுகள் ஒன்றாகச் சேர்ந்து விழுந்ததும், தோட்டா கிடைத்துவிட்டது என்று மகிழ்கிறார்கள். ஒரே தோட்டாவால் அடுத்தடுத்துச் சுட்ட ஐந்து குண்டுத் துளைக்கூட்டங்கள் இரண்டில் ஒன்று 12 மில்லிமீட்டரும் மற்றொன்று 20 மில்லிமீட்டரும் அகன்றிருந்தால் வியப்படைய ஒன்றுமில்லை. தற்செயலே அவ்வளவு வேறுபாட்டைத் தரும். மேலும், பத்துக் குண்டுகளின் கூட்டம் ஐந்து குண்டுகளின் கூட்டத்தைவிடச் சராசரியாக நான்கில் ஒரு பங்கு அகன்றே இருக்கும். ஐந்து குண்டு முடிவொன்றையும் பத்துக் குண்டு முடிவொன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது நீதியன்று. தொகுதி ஒன்றுக்குப் பத்துக் குண்டுகள் கொண்ட நான்கு கூட்டங்கள், ஆக 40 குண்டுகள், குறைந்த அளவு எனக் கொள்ளலாம். நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து பார்த்தால் அத்தொகுதியின் உண்மை உருவம் தெரியும். மிகச் சிறிய கூட்டத்தைத் தந்த தொகுதியைவிட, நடுவை விட்டு ஓடிய குண்டு ஒன்றும் இல்லாத தொகுதியே மேலானது. போட்டியில் மதிப்பெண்ணைப் பறிப்பது அந்த ஓடிய குண்டுதான்.

சோதனையை 100 மீட்டரிலும் அதற்கு மேலும் நடத்தும்போது, தளத்தின் பின்புறத்தில் தக்க மண்மேடு இருத்தல் இன்றியமையாதது. .22 குண்டு சிறிதாயினும் உயரக் கோணத்தில் சுட்டால் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பாலும் சென்று தீங்கு விளைவிக்கும். அங்கீகாரம் பெற்ற சுடுதளமன்றி வயல்வெளியிலும் ஏரிக்கரையிலும் இதைச் செய்து பார்த்தல் கூடாது.

சிக்கனமும் பாதுகாப்பும்

ஐரோப்பிய நாடுகளில் கடைக்குச் சென்று தோட்டா வாங்குவதுபோல் இந்தியாவில் வாங்குவதற்கில்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்படி உரிமமும், வாங்கத்தக்க அளவுக்கு வரையறையும் உண்டு. உயர்தரப் போட்டித் தோட்டாக்கள் இறக்குமதியாகின்றவை. 1951இல் நிறுவப்பட்ட இந்தியத் தேசிய ரைபிள் சங்கத்தின் வழியாகவும், தகுதி பெற்ற போட்டியாளர்களின் சொந்த இறக்குமதியாகவும் வந்து சேர்பவை. இந்நிலையில், சோதனைக்கென 200 குண்டுகளைச் செலவிடுவது வீண் என்று பலர் கருதுவது இயல்பே. ஆனால், ஆண்டு முழுவதற்குமான தோட்டாவை ஒரே தொகுதியில் கண்மூடி வாங்கி, அது தம் குழலுக்கு ஒவ்வாதது எனப் போட்டி மைதானத்தில் அறிவதன் நட்டம் அதனினும் பெரிது. சங்கத்து உறுப்பினர்கள் நால்வர் ஐவர் சேர்ந்து நான்கைந்து தொகுதிகளில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, பகிர்ந்து சோதித்து, பின்னர் அவரவர் குழலுக்கு இசைந்த தொகுதியைப் பிரித்துக்கொள்வது சிறந்த முறை. ஒருவருடைய துப்பாக்கி நிராகரித்ததை மற்றொருவருடையது விரும்பக்கூடும். தொடக்கப் பயிற்சிக்கு, தேசிய மாணவர் படை மாணவர்கள் 25 மீட்டரில் சுடுவது போன்றவற்றுக்கு, இத்தனை நுட்பம் தேவையில்லை. சாதாரணத் தோட்டாவே போதுமானது.

விளிம்பின் கனத்தை அளந்து தோட்டாக்களைத் தரம் பிரித்தல், ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்தல் போன்ற வழக்கங்கள் சிலரிடம் உள்ளன. மலிவான தோட்டாவில் முற்றிலும் ஒவ்வாத சிலவற்றை இவ்வாறு விலக்கலாம். நல்ல போட்டித் தோட்டாவில் இது பெரும்பாலும் வீண் உழைப்பே. தராசு காட்டும் வேறுபாடு பித்தளையினுடையதா, ஈயத்தினுடையதா, மருந்தினுடையதா என்று எவரால் கூற இயலும்? அந்த நேரத்தைக் காற்றுக் கொடிகளைப் படிக்கப் பழகுவதில் செலவிட்டால் மதிப்பெண் உயரும்.

தேர்ந்தெடுத்த தோட்டாவைக் காப்பதிலும் கவனம் வேண்டும். வெயிலில் நிறுத்திய மோட்டார் வண்டிக்குள் பெட்டியை விட்டுவைத்தால் மெழுகு உருகி ஒருபுறமாக வழிந்துவிடும். பின்னர் அத்தொகுதியின் பழைய சோதனை முடிவு செல்லாது. சுட்டுச் சூடேறிய அறையில் தோட்டாவைப் புகுத்தி, காற்று அடங்கட்டும் என்று நெடுநேரம் காத்திருத்தலும் ஆகாது. மருந்து வெப்பமேறி வேகம் மாறும். தோட்டாக்களைக் கையில் அள்ளுவதும், சட்டைப் பையில் இட்டுக் குலுக்குவதும் மென்மையான ஈய முனையில் தழும்பு உண்டாக்கும். துளையிட்ட மரக் கட்டையில் ஒவ்வொன்றாக நிறுத்தி வைத்து எடுப்பதே முறை.

ஒரு தொகுதி தீர்ந்துபோகும் தறுவாயில், எஞ்சியதிலிருந்து நூறு குண்டுகளைத் தனியே எடுத்துவைப்பது அனுபவசாலிகளின் வழக்கம். புதிய தொகுதியைச் சோதிக்கும் நாளில், அதே காற்றில், அதே மேசையில், பழையதையும் மாற்றி மாற்றிச் சுட்டு ஒப்பிடுவதற்கு அவை பயன்படும். நாளின் குறையா, குழலின் தேய்வா, தோட்டாவின் தரமா என்பது அப்போது பிரிந்து தெரியும்.